சொர்ணம் பெரியம்மாவின் பெயரில் இரண்டு ஓலை

கர்த்தருக்குள் அன்பான ஜெமிமா அக்காவுக்கு, திருச்சியிலிருந்து தம்பி அறிவுமதி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

இங்கே நலம். அதாவது, உடல்நலம். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். புனேயில் நீங்களும் அத்தானும் குழந்தை கனிஷ்காவும் எல்லா விதத்திலும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் அனுப்பிய பதினொரு வாட்ஸப் செய்திகளிலும் ஒற்றை டிக்தான். அதன் பொருள் புரிகிறது. ஆகவே காகிதம். காகிதத்தை பிளாக் செய்ய முடியாது.

வேண்டுகோள் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே வரப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். உங்கள் அம்மாவை, என் பெரியம்மாவை, புனேக்கு அழைத்துப் போக வேண்டாம். நடந்தது முழுவதும் என் பிசகு. அதற்காக அவர்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது. போனால், நான் மீதமுள்ள வாழ்நாள் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நம் பிரெஸ்பிடேரியன் சபையை நீங்கள் விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம். எதுவும் மாறவில்லை. போதகர் பிரசங்கம் செய்கிறார். மற்றதையெல்லாம் மூப்பர்கள் செய்கிறார்கள். ஒரு பெஞ்சை நகர்த்த வேண்டுமென்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். பெஞ்சு அதற்குள் பழகிவிடும், அங்கேயே இருந்துவிடும். அப்புறம் அந்த வழக்கம். திருமணம் நிச்சயமானவர்களின் பெயரை மூன்று ஞாயிறு வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பது ஓலை. அது எல்லா சபையிலும் உண்டு. நம் சபையில் ஊழியத்துக்குப் போகிறவர்களின் பெயரையும் அப்படியே வாசித்து, அதற்கும் தடை கேட்பார்கள். யார் பூ வைக்கிறார்கள், யார் காபி போடுகிறார்கள், எல்லாவற்றுக்கும் தடை கேட்போம். இதுவரை ஒரே ஒருமுறைதான் தடை வந்தது. காபிக்கு.

என்னை அறிவிப்பு வாசிக்கப் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் படித்தவன், உச்சரிப்பு நன்றாயிருக்கும் என்று காரணம் சொன்னார்கள். நான் முதுகலையில் இரண்டு ஆண்டுகள் வாசிப்பு என்றால் என்ன என்பதைப் பற்றி மட்டுமே வாசித்தவன். அவர்களுக்கு அது தெரியாது.

அந்த ஞாயிறு, காகிதத்தில் நான்காவது அறிவிப்பு ஓலை: சித்தார்த்துக்கும் ரேஷ்மாவுக்கும். ஐந்தாவது அறிவிப்பு, சனிக்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகும் ஊழியம்: ஞானசிகாமணி மூப்பரும் நம் பெரியம்மாவும், வழக்கம்போல், இன்னும் ஓர் ஆண்டுக்கு. செயலர் கலையரசன் மூப்பர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவார். ‘சகோதரர் இன்னார், சகோதரி இன்னார் ஆகிய இருவரும்.’ நான் ‘திருமணம் நிச்சயிக்கப்பட்டிருப்பதால்’ என்பது வரை சரியாக வாசித்தேன். அங்கே தலையை உயர்த்தி சபையைப் பார்த்தேன். வாசிப்பவன் கேட்பவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு கொள்கை. கண் திரும்பி வந்தபோது பெயர்களுக்கு ஒரு வரி கீழே இறங்கிவிட்டது; மீதியை வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

‘சகோதரர் ஞானசிகாமணி, சகோதரி சொர்ணம் ஆகிய இருவருக்கும் இது முதலாம் ஓலை. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்.’

நம் சபையில் யாரும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்வதில்லை, உங்களுக்குத் தெரியும். அன்று மூன்று பேர் சொன்னார்கள்.

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தொடர்ந்தேன்; இம்முறை கண் மேல் வரிப் பெயர்களுக்கு ஏறியிருக்கிறது. சித்தார்த்தும் ரேஷ்மாவும் ஓர் ஆண்டுக்கு சனிக்கிழமை தோறும் காலை ஆறு மணிக்குக் கஞ்சி கொண்டுபோவார்கள் என்று வாசித்து, அதற்கும் தடை கேட்டு, கீழே இறங்கினேன். காபி வரிசையில்தான் தெரிந்தது. ரேஷ்மாவின் அப்பா என் தோளைத் தொட்டார்.

“தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் கஞ்சி ஊத்தணும்னு புது விதியா?”

“இல்ல அங்கிள்...”

“நல்ல விதிதான். மாப்பிள்ள காலையில எழுந்திருப்பாரான்னு தெரிஞ்சுக்கலாம். ஆனா மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டோமே!”

அவருக்குப் பின்னால் பெரியம்மா குடையை எடுத்துக்கொண்டு போவது தெரிந்தது. காபி குடிக்கவில்லை. முப்பது வருடத்தில் பெரியம்மா காபி குடிக்காமல் போன முதல் ஞாயிறு அது என்று பலர் எனக்குச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள்.

ஓடிப்போய்க் கலையரசன் மூப்பரைப் பிடித்தேன். இப்போதே மைக்கில் திருத்திவிடலாம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“வாசிச்சது வாசிச்சதுதான் தம்பி. திருத்தணும்னா தீர்மானம் வேணும். தீர்மானம்னா மூப்பர் கூட்டம். கூட்டம்னா ஏழு நாள் நோட்டீஸ்.”

“அதுக்குள்ள அடுத்த ஞாயிறு வந்துடுமே சார்.”

“வரும்.”

“ரெண்டாவது ஓலை?”

“வாசிக்கணும். வாசிக்கலன்னா ஏன்னு சபைக்குக் காரணம் சொல்லணும். காரணம் சொல்ல...”

“தீர்மானம் வேணும்.”

“பாத்தீங்களா, படிச்ச பிள்ளை.”

அப்படித்தான் இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டது, அக்கா. அதை நான் வாசிக்கவில்லை. கலையரசன் மூப்பரே, யாருக்கும் கேட்காத குரலில் வாசித்தார். அதனால் சபை முழுவதும் முன்னால் சாய்ந்து கேட்டது. நம் ஆராதனையை யூடியூபில் வழக்கமாக நாற்பத்தொரு பேர் பார்ப்பார்கள். அன்று அறுநூறு. அதில் ஒருவர் நீங்கள் என்று பிறகு தெரிந்தது. சித்தார்த்துக்கும் ரேஷ்மாவுக்கும் அன்றுதான் முதலாம் ஓலை சரியாக வாசிக்கப்பட்டது. அவர்கள் பெயரைச் சொன்னபோது யாரும் கவனிக்கவில்லை.

இடையில் அந்த சனிக்கிழமை. இதைத்தான் நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

பெரியப்பா இறந்த பிறகு, பதினொரு வருடமாக பெரியம்மாவும், மனைவியை இழந்த ஞானசிகாமணி மூப்பரும் அந்தக் கஞ்சி அண்டாவோடு போகிறார்கள். பெரியம்மா ஊற்றுவார்கள். மூப்பர் டம்ளர் பிடிப்பார். பொன்மலை ரயில் பட்டறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த கை, சூடு தெரியாது. உப்புப் போடுவது பெரியம்மாவின் பொறுப்பு; வழி முழுக்க அதைப் பற்றிச் சண்டை. போதவில்லை என்பார் அவர். “மூப்பரே, இது ரயில் இன்ஜினுக்கு இல்ல, நோயாளிக்கு” என்பார்கள் இவர்கள். ஆட்டோ ஓட்டும் மாத்ருபூதத்துக்கு இந்தச் சண்டை மனப்பாடம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் யாராவது ஒருவர் நிறுத்திவிட்டால் அவரே எடுத்துக்கொடுப்பார்.

அந்த சனிக்கிழமை பெரியம்மா வரவில்லை. நான் குற்றவுணர்வில் ஐந்தே முக்காலுக்கே ஆலயத்துக்குப் போய் நின்றேன். மூப்பர் சலவைச் சட்டை போட்டு, கேட் பக்கம் அண்டாவோடு நின்றார். சித்தார்த்தும் ரேஷ்மாவும் கையுறை, தலைக்கு வலை எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஊழியத்துக்குத் தடை கேட்டு, தடை இல்லை என்று ஆகிவிட்டதே. ஆறேகால். ஆறரை.

“நர்ஸம்மாவக் காணோமே,” என்றார் மாத்ருபூதம்.

“வருவாங்க,” என்றார் மூப்பர்.

“கல்யாணப் பொண்ணு ஆறு மணிக்கு வருமா சார்? நீங்க வேற.”

மூப்பர் அவரைப் பார்த்த பார்வையில் மாத்ருபூதம் மீட்டரைப் போட்டுவிட்டார். பதினொரு வருடத்தில் போடாத மீட்டர்.

அன்று வண்டியில் உப்புச் சண்டை இல்லை. ஆஸ்பத்திரியில் ரேஷ்மா ஊற்றினாள், சித்தார்த் டம்ளர் பிடித்து இரண்டுமுறை கையைச் சுட்டுக்கொண்டான். உப்பிலியபுரத்திலிருந்து வந்து மகனோடு வார்டில் தங்கியிருக்கும் ராக்கம்மாள் என்ற அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பே இல்லையே, நர்ஸம்மா எங்க?” என்றார்கள். மூப்பர் டம்ளர்களை எண்ணுவதுபோல் அடுக்கிக்கொண்டிருந்தார். மொத்தம் ஆறு டம்ளர். வெகுநேரம் அடுக்கினார்.

நான் அன்றே ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். பெரியம்மா கதவைச் சங்கிலி அளவுக்குத் திறந்தார்கள்.

“மன்னிச்சிடுங்க பெரியம்மா.”

“மன்னிப்பெல்லாம் ஆண்டவர் குடுப்பாரு. இட்லி மாவு வாங்கிட்டு வந்தியா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு வந்த?”

ஆனாலும் திறந்தார்கள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரியம்மா நின்றபடியே பேசினார்கள். முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக வார்டில் நின்று பழக்கம்.

“அறுபத்தி நாலு வயசு எனக்கு. உங்க பெரியப்பாவோட நடந்த என் கல்யாணத்துலகூட ஓலையில என் பேரைத் தப்பா வாசிச்சாங்க. சொக்கம்னு. நீ ஒரு எழுத்து பிசகாம வாசிச்ச.”

“யாரும் தப்பா எடுத்துக்கல பெரியம்மா. சத்தியமா யாரும் சிரிக்கல.”

“அதான்டா கஷ்டமா இருக்கு. ஒருத்தர்கூட சிரிக்கல.”

வாசிப்பைப் பற்றிப் படித்ததில் இது வரவில்லை. பெரியம்மா ஜன்னல் பக்கம் போய், அங்கே எதுவும் இல்லாததைக் கொஞ்சநேரம் பார்த்தார்கள். பிறகு, “அவரு போனாரா?” என்றார்கள். போனார் என்றேன். “உப்பு?” இல்லை என்றேன். “தெரியும்,” என்றார்கள். ஜெமிமா டிக்கெட் போட்டிருக்கிறாள், போய்விடப் போகிறேன், இங்கே யார் முகத்தில் விழிப்பது என்றும் சொன்னார்கள். பெட்டி கட்டிலின் மேல் திறந்திருந்தது. அதில் ஒரே ஒரு புடவை. அதுவும் மடிக்காமல்.

அக்கா, பெரியம்மா புனேயில் என்ன செய்வார்கள்? நீங்கள் அன்பாகப் பார்த்துக்கொள்வீர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விழிப்பு வரும். எழுந்து யாருக்கு ஊற்றுவார்கள்? யாரோடு சண்டை போடுவார்கள்? அத்தான் சாதுவான மனிதர். தாங்க மாட்டார்.

இப்போது நல்ல செய்தி. நேற்று முன்தினம், வியாழக்கிழமை, மூப்பர் கூட்டம் நடந்தது. இரண்டு மணி நேரம். முறைப்படி இரண்டு தீர்மானம். ஒன்று: தவறுதலாக வாசிக்கப்பட்ட இரண்டு ஓலைகளும் திரும்பப் பெறப்படுகின்றன. இரண்டு: இதுபோன்ற எண்ணம் சபையில் மேலும் எழாதிருக்கும் பொருட்டு, சகோதரி சொர்ணம் சனிக்கிழமையும் சகோதரர் ஞானசிகாமணி புதன்கிழமையும் தனித்தனியாக ஊழியத்துக்குச் செல்வார்கள். ஞானசிகாமணி மூப்பர் அங்கேதான் இருந்தார். அவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வாக்கு இல்லை. அதனால்தான் பேசவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

நாளை ஆராதனையில் நான்தான் வாசிக்க வேண்டும். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. “இந்தத் தடவை விரலை வரிக்குக் கீழ வச்சுக்கங்க,” என்று மட்டும் கலையரசன் மூப்பர் சொன்னார். பெரியம்மாவிடம் போனில் சொன்னேன். “வரேன். அதை என் காதால கேக்கணும்,” என்றார்கள். ஆக, எல்லாம் பழையபடி ஆகிவிடும். பெயர் சுத்தமாகிவிடும். ஆளும் தனித்தனி. இனி ஒரு பேச்சும் எழாது. எனவே டிக்கெட்டைத் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். என்னை அன்பிளாக் செய்வது உங்கள் விருப்பம்.

அத்தானுக்கு என் வணக்கம். கனிஷ்காவுக்கு முத்தம். உங்கள் வீட்டில் சமாதானம் தங்கியிருக்க இங்கே எல்லோரும் ஜெபிக்கிறோம், தீர்மானம் எதுவும் போடாமலே.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
அறிவுமதி

பின்குறிப்பு: ஞாயிறு, மதியம் ஒன்றேகால்.

கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள்.

பெரியம்மா வந்தார்கள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் விரலை வைத்து இரண்டு தீர்மானத்தையும் வாசித்தேன்: முதலாவது, ஓலைகளைத் திரும்பப் பெறுவது; இரண்டாவது, தனித்தனி ஊழியம். ஒரு எழுத்து பிசகவில்லை. ‘தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்’ என்றேன். சம்பிரதாயமாக மூன்று நொடி நிறுத்தினேன். இரண்டாவது நொடியில் பெரியம்மா எழுந்தார்கள்.

“எனக்குத் தடை இருக்கு.”

கலையரசன் மூப்பரின் பேனா கீழே விழுந்தது. “எதுக்குங்க, சிஸ்டர்?”

“ரெண்டாவதுக்கு. புதன்கிழம அவரு தனியாப் போனா உப்பு அள்ளிக் கொட்டுவாரு. நோயாளிங்க என்ன பாவம் பண்ணாங்க? சனிக்கிழம ரெண்டு பேருமே போறோம். யாரு என்ன நினைச்சாலும் நினைச்சுக்கட்டும்.”

உட்கார்ந்துவிட்டார்கள். கலையரசன் மூப்பர் பேனாவைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு, முறை என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பக்கம் திரும்பினார். “சம்பந்தப்பட்ட இன்னொருவர்? ஞானசிகாமணி மூப்பரே, உங்களுக்கும் ரெண்டாவதுக்குத்தானே தடை?”

மூப்பர் எழுந்தார். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு முதலாவதுக்கு.”

பெரியம்மா திரும்பி அவரைப் பார்த்தார்கள். நர்ஸ் பார்வை. காய்ச்சல் உண்மையா, நடிப்பா என்று பார்ப்பது. வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு கலையரசன் மூப்பரிடம், “என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க? அதையும் எழுதிக்கோங்க,” என்றார்கள்.

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். பெரியம்மாவும்.

இரண்டு தீர்மானமும் நிற்கவில்லை. கலையரசன் மூப்பர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அப்படியானால் மூன்றாம் ஓலை பாக்கி இருக்கிறது என்று தீர்ப்பு சொன்னார். அது அடுத்த ஞாயிறு. டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை கிளம்பி வந்துவிடுங்கள். தடை உண்டா என்று இந்தச் சபையில் இன்னும் யாரும் கேட்காதது உங்களிடம் மட்டும்தான். கேட்காமல் வாசிக்கக் கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டார்கள்.