நாலு பாக்கெட் சிங்கப்பூர் சேமியா

"வெள்ளிக்கெழம பத்திரிகை வைக்க வாராகளாம். ஆனா கை நனைக்க மாட்டாகளாம். இதை ரெண்டு தடவ சொல்லச் சொன்னாக."

கண்டக்டர் பால்ச்சாமி சொன்னபடியே இரண்டு தடவை சொல்லிவிட்டு, விசில் ஊதிப் போய்விட்டார். எழுபத்து நாலாம் வருஷம் அது. பரளச்சி பஸ் அப்போதெல்லாம் திருச்சுழியில் தனுஷ்கோடியின் பருப்புக் கடை வாசலில்தான் நிற்கும். கடிதம் போட்டால் நாலு நாள், பால்ச்சாமியிடம் சொன்னால் ஒரே நடை. தபால்காரரைவிட அவரைத்தான் ஊர் நம்பியது.

கடைக்குப் பின்கட்டில் வீடு. செய்தியைக் கேட்டதும் அவர் மனைவி தங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரப்போகிறவர் பரளச்சியில் இருக்கும் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அருஞ்சுனை. எட்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர்.

காரணம் ஒரு கரண்டி பாயசம். தங்கம்மாள் மகளுக்குக் காதுகுத்து. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்ட தாய்மாமன், பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டார். அண்டாவில் அடி தெரிவதையே பார்த்துக்கொண்டு நின்ற தனுஷ்கோடி, பரிமாறியவனிடம், "போதும், அடுத்த எலைக்குப் போ" என்று சொல்லிவிட்டார். இலையை மூடிவிட்டு எழுந்த மனிதர் அன்றைக்குப் போனவர்தான்.

"கை நனைக்காம வச்சுட்டுப் போற பத்திரிகையால எனக்கு என்ன பிரயோசனம்?" என்றாள் தங்கம்மாள். "எங்கண்ணன் மக கல்யாணத்துக்கு நான் அத்தையாப் போகவா, யாரோ எவளோவாப் போகவா?"

தனுஷ்கோடிக்கும் உள்ளே குத்தியது. தப்பு தன் பேரில்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வதற்குப் பருப்பு மூட்டை தூக்குவது சுலபம்.

"ஒங்க அண்ணனுக்கு எவ்வளவு ரோசமோ அவ்வளவு நாக்கு ருசி. இதுவரைக்கும் பாக்காத பண்டமா இருந்தா, ஒரு வாய் வச்சுப் பாக்காமப் போகமாட்டாரு" என்றார்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, பக்கத்து வீட்டுச் சின்ன மீரான் கொடுத்த நாலு பாக்கெட். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன், தெருவில் வீட்டுக்கு வீடு சோப்பும் தைலமுமாகப் பங்கு வைத்தான். தனுஷ்கோடி வீட்டுக்கு மட்டும் இந்த விசேஷம். உள்ளே நெளிநெளியாக, செங்கல் கட்டி போல ஒரு சேமியா. "கொதிக்கிற தண்ணியில போட்டு மூணு நிமிஷம்ணே, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு, மாமியார் வீட்டு விருந்துக்குக் கீழக்கரை போய்விட்டான். வெள்ளிக்கிழமைதான் வருவான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலையும் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிப் பொட்டலம். மேலே சீன எழுத்து.

"இதென்னங்க, உள்ள பொடியாட்டம் இருக்கு?"

தனுஷ்கோடி அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். இருபது வருஷம் பருப்பு வியாபாரம் பார்த்தவர் முகத்தில் ஓர் அறிவுக் களை வந்தது.

"வண்டு மருந்து. நாம பருப்புச் சாக்குல வைக்கிறோம்ல, அந்த மாதிரி. கப்பல்ல வாறதுக்குள்ள வண்டு விழுந்துறக் கூடாதுல்ல? சீனாக்காரன் கெட்டிக்காரன்."

அவர் எதையும் வீணாக்கிப் பழக்கமில்லாதவர். கோணி ஊசியால் ஒவ்வொரு பொட்டலத்திலும் நாலு குத்துக் குத்தினார். அடுக்கடுக்காய்த் தும்மினார். "பாத்தியா நெடிய? வண்டு தாங்குமா?" என்று பெருமையோடு, கடை வாசலோரத்துத் துவரம்பருப்புச் சாக்கில் நாலையும் ஆழப் புதைத்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் பாக்கெட்டை வேகவைத்துப் பார்த்தார்கள். உப்பில்லை, உறைப்பில்லை, வெந்நீருக்கு இருக்கிற ருசிகூட இல்லை.

"இதைத் தின்னுட்டா சிங்கப்பூரு இவ்வளவு பெரிய ஊராச்சு?" என்றாள் தங்கம்மாள்.

புதன்கிழமை எதிர்வீட்டுச் சண்முகவடிவு வந்து யோசனை சொன்னாள். "புளியக் கரைச்சு ஊத்தி, வத்தலக் கிள்ளிப் போட்டுத் தாளிங்க மதினி. எதுவும் எறங்கும்." தாளித்தார்கள். புளி மட்டும் இறங்கியது, சேமியா தொண்டையிலேயே நின்றது. கடையில் பருப்புப் புடைக்கும் ராக்கம்மாளைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுத்து ருசி கேட்டார்கள்.

"உஸ்ஸ்... எனக்குக் காலையில இருந்து வாயே எரியுது மொதலாளி. ஒரு ருசியும் தெரியல" என்று அவள் தண்ணீர் கேட்டாள்.

"பல்லுல பூச்சியா இருக்கும். கிராம்ப வச்சுக் கடி" என்று தனுஷ்கோடி வைத்தியம் சொன்னார். சேமியாவைப் பற்றி மட்டும்தான் அவருக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை தங்கம்மாளே யோசித்து, வெல்லமும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் காய்ச்சினாள். இந்தத் தடவை நன்றாக வந்தது. தனுஷ்கோடி சப்புக்கொட்டிக்கொண்டே இரண்டு தம்ளர் குடித்தார். மூன்றாவதில் பாதியில் நின்றார்.

"ஏட்டி, இது பாயசம்ல!"

"ஆமா."

"எட்டு வருஷங் கழிச்சு வாற மனுசனுக்கு, எல்லாத்த விட்டுட்டுப் பாயசத்தையா நீட்டுவ?"

மிச்சம் ஒரே ஒரு பாக்கெட்.

வெள்ளிக்கிழமை காலையில் தங்கம்மாள் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு அதை அடுப்பில் ஏற்றினாள். வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை வதக்கி, இரண்டு முட்டையையும் உடைத்து ஊற்றினாள். வாசம் பிரமாதமாக எழும்பியது. மனைவி பதற்றத்தில் உப்புப் போட மறந்திருப்பாள் என்று தனுஷ்கோடி ஒரு கை உப்புப் போட்டார். கணவர் போட்டதைப் பார்க்காத தங்கம்மாள் தானும் ஒரு கை போட்டாள். கரிப்பு தாங்காமல் ஒரு செம்புத் தண்ணீர். தண்ணீராகிவிட்டதென்று பொரிகடலை மாவு. மாவு கட்டி தட்டியது. கட்டியை உடைக்கத் தனுஷ்கோடி மத்தை எடுத்துக் கடைந்தார். கடைந்து முடித்தபோது சட்டியில் முட்டையும் இல்லை, சேமியாவும் இல்லை. சுவரொட்டி ஒட்டுகிற பசை இருந்தது.

அந்நேரம் பார்த்து வாசலில் பஸ் நின்றது.

அருஞ்சுனைக்கு மீசை நரைத்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினார். தங்கம்மாள் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"வந்து சேருங்க. நான் வாரேன்" என்றார் அவர், நின்றபடியே.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க மச்சான். சிங்கப்பூர்ப் பலகாரம்" என்று தனுஷ்கோடி தட்டை நீட்டினார். தட்டைச் சாய்த்தும் பலகாரம் அசையவில்லை. அருஞ்சுனை அதைப் பார்த்தார். பார்த்ததே போதும் என்று வாசல் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் நின்றார். மூக்கு மட்டும் அடுப்படிப் பக்கம் போனது.

"அது என்ன வாசம்?"

"அது ஒண்ணுமில்லண்ணே, எங்களுக்கு வச்ச பருப்பு. பூண்டு தட்டிப் போட்டு, சீரகம் தாளிச்சது."

அருஞ்சுனை துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். "ரெண்டு கரண்டி போடு, பாப்போம்."

இலையில் சுடுசோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய். முதல் வாயிலேயே அவர் கண்ணை மூடினார். இரண்டு கரண்டி நாலாயிற்று. தங்கம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"எங்காத்தா வச்ச பருப்பு மாதிரியே இருக்கு. எங்க எடுத்த பருப்பு?"

"வீட்டுப் பானையில தீந்துபோச்சுண்ணே. கடை வாசலோரத்துச் சாக்குல அள்ளுனேன்."

தனுஷ்கோடிக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. வாசலோரத்துச் சாக்கு. நாலு பொட்டலம். சொன்னால் உறவு போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். அதற்குள் ஐந்தாவது கரண்டி இலைக்கு மேலே வந்துவிட்டது.

"போதும்!" என்று கத்திக் கரண்டியைப் பிடித்துவிட்டார்.

அதே ஆள், அதே சொல்.

"மாப்ள, இன்னைக்குமா?" என்றார் அருஞ்சுனை. கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம்.

"ஐயோ மச்சான்! அன்னைக்குப் பாயசத்துல கை இறுக்கம் பிடிச்சது நெசம். என் தப்புத்தான், மன்னிச்சிருங்க. இன்னைக்கு அதில்ல. அந்தப் பருப்புல வண்டு மருந்து கெடக்கு! நான்தான் வச்சேன்!"

அருஞ்சுனை இலையைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார்.

"எத்தன கரண்டி தின்னுருக்கேன்?"

"நாலுண்ணே" என்றாள் தங்கம்மாள், பேய் அறைந்தவள் போல.

"நாலுல வராததா அஞ்சாவதுல வந்துறப் போகுது? போடு."

மச்சானை வாந்தியெடுக்க வைக்கத் தனுஷ்கோடி உப்புத் தண்ணீரைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எதிரே தொதல் என்கிற கீழக்கரை இனிப்புப் பெட்டியோடு சின்ன மீரான் வந்துகொண்டிருந்தான். பாதி அழுகையும் பாதி சொல்லுமாக விஷயத்தைக் கேட்டவன், தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப் பாவமே, அது வண்டு மருந்தாண்ணே? அதுதான் மசாலா! அதைப் போட்டுத்தான் கிண்டணும். சிங்கப்பூர்ல அந்த ருசிக்குத்தான் க்யூவுல நிக்கிறான்."

தனுஷ்கோடி உப்புத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு உட்கார்ந்தார். அருஞ்சுனை வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அதானே பாத்தேன்! வெறும் பருப்புக்கு ஏது இந்த ருசி? எல்லாம் சிங்கப்பூர் மசாலா. அடுத்த லீவுல எனக்கும் ஒரு பெட்டி கொண்டாப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கம்மாளும் சிரித்தாள், ஆனால் முகம் விழுந்துவிட்டது. ஆத்தா கைப்பக்குவம் என்று அண்ணன் சொன்ன பெருமை கால் நாழிகைகூட நிற்கவில்லையே என்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

பின்வாசலில் முறத்தோடு நின்ற ராக்கம்மாள், வாயைப் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தாள்.

"உஸ்ஸ்... பருப்புல மசாலா எங்க கெடக்கு மொதலாளி? செவ்வாக்கெழம புடைக்கையிலயே அந்த நாலு பொட்டலத்தையும் எடுத்து, சிங்கப்பூர்ப் பல்லுப்பொடின்னு தெனம் ஒண்ணா இன்னிக்கோட தேச்சு முடிச்சுட்டேனே!"