வெம்பிளி மண்டபத்துப் போர்வீரர்

லண்டனில் ஒரு வகைப் போர்வீரர் இருக்கிறார். துப்பாக்கியைத் தொட்டவரல்ல, மைக்கைத் தொட்டால் விடாதவர். அவர் கண்ட களங்கள் மூன்று: வெம்பிளியில் ஒரு மண்டபம், டூட்டிங்கில் ஒரு கடையின் மேல்மாடி, வால்தம்ஸ்டோவில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு தேவாலயக் கூடம். பட்டு வேட்டி கட்டி, உள்ளே குளிருக்கு நீளக் காற்சட்டையும் போட்டு, மேடையேறி, மைக்கை இரண்டு விரலால் தட்டி, தொண்டையைச் செருமி, "தாய்மாரே!" என்று முழங்குவார். கவனித்தீர்களா? தாய்மாரை மட்டும்தான் கூப்பிடுவார். அவருடைய கவிதைகளில் சாகப் போகிறவன் மகன், கண்ணீர் விடாமல் அனுப்பி வைக்கிறவள் தாய். தகப்பன் எங்கே என்று கேட்கிறீர்களா? தகப்பன்தானே கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார்!

நமக்குத் தெரிந்த கிருஷ்ணராசா இந்த இனத்தில் முதல்தரம். புனைபெயர் களமுரசன். பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழக வருகிற பிள்ளை இருபது மைல் வேகத்தைத் தாண்டினால் "மெதுவா, மெதுவா" என்று தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பவர். இரத்தப் பரிசோதனைக்குப் போனால் மனைவி செல்வமலர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசியைப் பார்க்க அவரால் ஏலாது. ஆனால் பேனாவைப் பிடித்தால் ஆறு வரிக்குள் நாற்பது தலை உருளும். பெண் எழுந்தால் மலை நகரும் என்று அவர் எழுதிய அன்று, செல்வமலர் சோபாவை நகர்த்திக் கூட்டிக்கொண்டிருந்தார். கவிஞர் எழுந்திருக்கவில்லை. கால்களை மட்டும் தூக்கிக் கொடுத்தார்.

சென்ற பங்குனியில் அவருடைய ஏழாவது நூல் வெளிவந்தது. 'நிமிர்ந்து நட மகனே.' வெளியீட்டோடு ஒரு கருத்தரங்கும் உண்டு; தலைப்பு 'போரும் பெண்மையும்'. பேச்சாளர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேரும் மீசைக்காரர்கள். பெண்மைக்கு அழைப்பிதழில் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: 'மங்கல விளக்கேற்றல், திருமதி ஜெகதீஸ்வரி, பாரிஸ்.' அவர் கவிஞரின் அக்கா. முப்பத்தைந்து வருடமாகப் பாரிஸில் இருப்பவர், அன்று காலை ரயிலில் வந்து இறங்கியிருந்தார். செல்வமலரின் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர் மண்டபத்துக் குசினியில் நூற்றைம்பது ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா விளக்கை ஏற்றிவிட்டு முன்வரிசையில் போய் அமர்ந்தார். எட்டு மீசைகளும் பேசி முடிய இரண்டரை மணி நேரமாயிற்று. கடைசியில் ஏற்புரைக்கு எழுந்தார் களமுரசன்.

"நான் எழுதும் வீரத்தாய் கற்பனை அல்ல!" என்றார். குரல் தழுதழுத்தது. "அவள் என்னைப் பெற்றவள்! எனக்குப் பதினேழு வயது. ஊரில் போர். என் தாய் நெற்றியில் திலகமிட்டு, 'நிமிர்ந்து நட மகனே' என்று என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாள்! அந்தக் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை!"

மண்டபம் அதிரக் கைதட்டல். அது ஓய்வதற்குள் முன்வரிசையில் ஜெகதீஸ்வரி எழுந்துவிட்டார்.

"மைக்கை ஒருக்காத் தாங்கோ."

தலைவர் பத்ரிநாராயணன் சென்னைக்காரர், நேரம் தவறாதவர். "அம்மா, நேரமாயிடுச்சு. நீங்க விளக்கு மட்டும்தான்..." என்றார்.

"விளக்கு எரியுது தம்பி. இப்ப மைக்கைத் தாரும்."

கொடுத்துவிட்டார். அந்தக் குரலுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

"தம்பி சொன்னதில திலகம் மெய்," என்று தொடங்கினார் ஜெகதீஸ்வரி. "அம்மா பொட்டு வைச்சவதான். பவுடரும் போட்டவ. ரெண்டு பின்னல் ஒட்டுமயிர் கட்டி, என்ர பூப்போட்ட நீளச் சட்டையைப் போட்டுவிட்டவ."

களமுரசன் கையிலிருந்த புத்தகம் மெல்ல இறங்கியது.

"ஊரில பெடியங்களைப் பிடிச்சுக்கொண்டு போன நேரம்..."

யார் பிடித்தார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த மண்டபத்தில் வரிசைக்கு ஒரு பதில் இருந்தது. கேட்டால் ரோல்ஸ் ஆறிவிடும்.

"இவனைக் கொழும்புக்கு அனுப்ப வேணும். அம்மா எங்கள் ரெண்டு பேரையும் ரெண்டு குமர்ப்பிள்ளையள் எண்டு கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டா. இவன் பழக்கதோசத்தில நெஞ்சை நிமித்திக்கொண்டு நடக்கிறான். அம்மா குண்டியில ஒரு அடி போட்டுச் சொன்னவ: 'நிமிராதை! குனிஞ்சு நட!'"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லா வரிசையிலும்.

"அக்கா, நேரம் போகுது," என்றார் கவிஞர் பலவீனமாக.

"போகட்டும். நீ அம்மாவைப் பற்றிக் கதைச்சனி, நானும் அவவைப் பற்றித்தான் கதைக்கிறன்." அக்கா சபையின் பக்கம் திரும்பினார். "சோதனைச் சாவடியில துவக்கோட நிண்டவன் இவனையே பாத்தான். இவனும் என்ர சட்டையில வடிவாத்தான் இருந்தவன், பொய் சொல்லக்கூடாது. அம்மா நேர போய் அவனுக்கு முன்னால நிண்டா. 'குமர்ப்பிள்ளையை இப்பிடி முழுசிப் பாக்கிறாய், உனக்கு அக்கா தங்கச்சி இல்லையோ?' எண்டு கேட்டா பாருங்கோ. துவக்கு அவன்ர கையில. அம்மான்ர கையில ஒரு குடை. அவன் தலையைக் குனிஞ்சிட்டான்."

சிரிப்பு நின்றது. குசினிக் கதவைத் திறந்துகொண்டு செல்வமலர் அகப்பையோடு வந்து நின்றிருந்தார்.

"என்ர அம்மா மகனைச் சாக அனுப்பேல்லை. அனுப்பினவ எண்டு மட்டும் எழுதிப்போடாதை, தம்பி." அவர் மைக்கைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அமர்ந்தார்.

இனி என்ன நடக்கும்? கவிஞர் வெட்கத்தில் ஓடிவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எட்டு மீசைகளில் மிகப் பெரிய மீசை எழுந்தது. "நான் கலியாணப் பொம்பிளைக்குத் தோழியா வந்தனான்," என்றார் அவர் சன்னமாக. அவ்வளவுதான், அணை உடைந்தது. ஒருவர் வெங்காய லொறிக்குள் மூட்டையாக வந்தவர். ஒருவர் ஐயர் வேஷத்தில் வந்து, மந்திரம் சொல்லென்று கேட்டபோது ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் இழுத்துச் சொல்லித் தப்பியவர். "நான் கர்ப்பிணி!" என்று கத்தினார் ஒரு எண்பது வயதுக்காரர், தலையணையை எப்படிக் கட்டினார்கள் என்று எழுந்து நடித்தும் காட்டினார். ஒவ்வொரு கதைக்குள்ளும் ஒரு தாயோ அக்காவோ மாமியோ இருந்தாள், ஊசி நூலோடும் பவுடர் டப்பாவோடும் பெரிய வாயோடும். பத்ரிநாராயணன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார்.

"அண்ணை, இதை எழுதுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

"இதுக்குச் சந்தம் வராது," என்றார் களமுரசன். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

மறுநாள் அக்காவை ரயிலேற்றக் காரில் கூட்டிப்போனார். சிவப்பு விளக்கில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"அக்கா, அண்டைக்கு அம்மா மெய்யா அழேல்லையோ?"

"நீ பஸ் ஏறுமட்டும் அழேல்லை. பிறகு மூண்டு நாள் சோறு தொடேல்லை. நாலாம் நாள் உன்ர காற்சட்டையைத் தோய்ச்சுக் காயப்போட்டா. ஏன் தோய்க்கிறியள் எண்டு கேட்டன். வந்தால் போட வேணுமெல்லோ எண்டவ."

பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. பின்னால் நாலைந்து ஹோர்ன்கள் அலறின. மற்றவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கியரைத் தேடிக்கொண்டிருந்தார்.

திருந்திவிட்டார் என்று எழுதினால் நான் பொய்யனாவேன். இரண்டு மாதம் கழித்து டூட்டிங் மேல்மாடியில் மறுபடி முழங்கினார். அக்காவின் சட்டையும் கவிதைக்குள் வந்திருந்தது, பூக்களெல்லாம் உதிர்ந்து, ஒரு போர்க்கவசமாக. சாவடிக்காரன் ஒருவன் ஒன்பது பேராகப் பெருகியிருந்தான். செல்வமலர் இம்முறை முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். ரோல்ஸை அப்பர் டூட்டிங் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். ஆனால் நடுவே ஒரு வரி, 'நிமிராதை, குனிஞ்சு நட', அம்மா சொன்ன அதே பேச்சில் இருந்தது. அதற்கு மட்டும் ஒருவரும் கைதட்டவில்லை. அந்த அமைதியில் அவர் ஒரு நிமிடம் மைக்கைப் பிடித்தபடி நின்றார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார், மூன்று கோட்டைகள் சரிந்தன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு மேடைப் பழக்கமில்லை, கவிதையும் வராது. ஆனால் போன கூட்டத்தில், யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையின் துணிவைப் பற்றி யாரோ முழங்கியபோது, மூன்றாம் வரிசையில் உள்ளங்கை சிவக்கத் தட்டியது யார்? பக்கத்தில் இருந்த உங்கள் மகன் மெல்ல எழுந்து வெளியே போகப் பார்த்தானே, ஞாபகம் இருக்கிறதா? தட்டுவதைப் பாதியில் நிறுத்தி அவனைப் பிடித்து இழுத்து, வெளியே குளிரென்று ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டீர்கள். பிறகுதான் மிச்சத்தைத் தட்டினீர்கள்.