திதியும் ஒரு ஸ்கேன் தேதியும்

என் தலையில் ஒன்றுமில்லை. தன்னடக்கத்தில் சொல்லவில்லை, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி படமெடுத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. (இதே முடிவுக்கு என் மனைவி செல்வி, கல்யாணமான வாரமே மிஷின் இல்லாமல் வந்திருந்தாள்.)

தலைவலி ஆரம்பித்தது என் தம்பி குமரேசன் மஞ்சள் காமாலையில் போன பிறகு. மலைமேல் சோளக்காடு ஊரில் பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குகிற மினி லாரி டிரைவர் அவன். சாவு வீட்டில் நான் அழவில்லை. மூத்தவன் இல்லையா? பந்தலுக்கு ஆள் சொன்னேன், நாற்காலி இறக்கினேன், துக்கத்துக்கு வந்தவர்களிடம் டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். கல்யாண வீட்டில்கூட என்னை இவ்வளவு சுறுசுறுப்பாகப் பார்த்ததில்லை என்று ஒரு பங்காளி பாராட்டினார்.

அப்புறம் வந்தது வலி, தலையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. மாத்திரை போட்டேன். போடப் போட வலி கூடியது. வலி கூடக் கூட மாத்திரையும் கூடியது. இப்படியே மாசங்கள் ஓடின.

மலையிலிருக்கும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், நடக்கவிட்டார்.

"பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க. ஸ்கேன் தேவையில்லை. தினமும் மாத்திரை போடறதை நிறுத்துங்க, அதுவே வலியைக் கொண்டு வரும். மனசுல ஏதாச்சும் பெரிய வருத்தமுங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்றேன். கூட வந்திருந்த செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை புத்தகம் படித்த தலைக்கு ஒரு ஸ்கேனுக்குக்கூடவா தகுதியில்லை? நானே சேலத்துக்குப் போன் போட்டேன். "எந்த நாள் வேணும் சார்?" என்றார்கள். யோசிக்காமல் ஒரு நாளைச் சொன்னேன். (யோசித்துத்தான் சொன்னேன்.)

"ஏனுங்க, அன்னைக்குத் தம்பிக்கு வருசத் திதிங்க" என்றாள் செல்வி.

"தேதி அவங்க கொடுத்தது. நான் என்ன பண்ண?"

அந்த நாளில் பஸ் ஏறி, மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கினேன். வளைவுக்கு வளைவு பஸ் ஹாரன். குமரேசன் நீளமாக ஒன்று, பொடியாக இரண்டு அடிப்பான். அவன் லாரி ஏறி வருவது ஊருக்கே தெரியும். கீழே போய்ச் சேர்வதற்குள் வலி இரண்டு மடங்கு. ("பார், ஸ்கேன் தேவைதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

மிஷினுக்குள் தலையை விட்டுப் படுக்கவைத்தார்கள். உரலில் தலையை விட்டபின் உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்று கண்ணை மூடினேன். முதலில் உலக்கைச் சத்தம்தான் வந்தது. அப்புறம் நீளமாக ஒன்று. பொடியாக இரண்டு.

தோள் குலுங்க ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை.

"ஆடாதீங்க சார், படம் கலையுது!" என்று டெக்னீஷியன் மைக்கில் கத்தினார். மறுபடி எடுத்தார். மறுபடியும் ஆடினேன். மிஷினைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்து, நான் கொடுத்திருந்த வீட்டு நம்பருக்குப் போன் போட்டுவிட்டார்.

வீட்டில் செல்விக்குக் கையெல்லாம் வடை மாவு. ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறாள். குமரேசன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, பங்காளிகள் எல்லாரும் நின்றுகொண்டிருந்த நேரம்.

"அம்மா, சார் மிஷினுக்குள்ள தேம்பித் தேம்பி அழுகறாருங்க. கொஞ்சம் தைரியம் சொல்லுங்க."

கூட்டம் முழுக்கக் கேட்டதாம். (மாத்திரையை விட்டு இப்போது வலி குறைந்துவிட்டது, மானம் மட்டும் திரும்பவில்லை. வீட்டில் யார் தலைவலி என்றாலும் "சேலத்துல தேதி வாங்கட்டுமா?" என்கிறார்கள்.)

அன்றைக்குப் பொழுது சாய வீடு வந்தேன். காக்கைக்கு வைத்த சோறு தீர்ந்திருந்தது. குமரேசன் மனைவி ரேவதி எனக்கென்று எடுத்துவைத்திருந்த இலையைப் போட்டாள். நான் ஸ்கேன் கவரை நீட்டினேன்.

"ஒண்ணுமில்லையாம்."

அவள் கவரை வாங்கவில்லை. சோற்றைப் போட்டாள்.

"ஏனுங் மாமா, அழுகறதுக்குச் சேலம் வரைக்கும் போகோணுங்களா? நம்மூட்டுலயே எடமிருந்துச்சுங்களே. வருசமா நான் ஒருத்திதான அழுதுட்டிருந்தேன்... வடை வெக்கட்டுங்களா?"