பன்னிரண்டு மணிச் சங்கு

பத்தேகாலுக்கே பகல் சங்கு ஊதிவிட்டது.

மனசு நிலைகொள்ளாமல், ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்ற எழுந்த விஜிதரன் கோப்பையும் கையுமாக அப்படியே நின்றான்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரிச் சங்கு பகல் பன்னிரண்டுக்கு ஒருதரம், மாலை நாலரைக்கு ஒருதரம் ஊதவேண்டும். ஊதச் சொல்வது ஆபீஸ் கிளாக்கரான விஜிதரனின் பழைய கம்ப்யூட்டர். அதன் முதுகில், அந்தக் காலத்துப் பிரிண்டர் மாட்டுகிற இருபத்தைந்து ஓட்டைப் போர்ட் ஒன்று உண்டு. நேரம் வந்ததும் கம்ப்யூட்டர் அதற்கு ஓர் எண்ணை அனுப்பும், அலுமாரிக்குப் பின்னால் ஓடும் கம்பி வழியாக எதிர்க் கொட்டகைச் சுவிச்சுக்குச் சேதி போகும், சங்கு அலறும்.

சம்பளம் என்னவோ கிளாக்கர் வேலைக்குத்தான். அவன் உயிர் இருந்தது வேறிடத்தில். உலகத்துக்கே சும்மா கிடைக்கிற ஓர் இயங்குதளத்தின் கர்னலில், அதாவது அதன் அடிமடியில், இந்தப் பழைய போர்ட்டுக்கான டிரைவரை ஆறு வருடமாகப் பராமரிப்பவன் அவன்தான். டிரைவர் என்றதும் லொறியை நினைக்கவேண்டாம். எந்தப் புரோகிராமும் கண்டபடி போர்ட்டில் கைவைக்காமல் பார்த்துக்கொள்கிற வாசல்காரன் அது. இதற்குச் சல்லிக்காசு கிடையாது. இந்தக் காதலில் அவன் நாற்காலியை விட்டு எழுவதே பகல் சாப்பாட்டுக்கும், மாலை வீட்டுக்குப் போகவும்தான்.

அந்த டிரைவருக்குத்தான் இன்று கண்டம். 'இந்தக் கிழட்டுப் போர்ட்டை இன்னும் யார் பாவிக்கிறார்கள்? உங்கள் புது டிரைவர் உண்மையான மெஷின் ஒன்றிலாவது சரியாக ஓடியது என்று இன்று மாலை நாலு மணிக்குள் தகவல் வராவிட்டால் நீக்கிவிடுவோம்' என்று கர்னலின் மேலிடம் எழுதியிருந்தது. யாராவது ஓட்டிப் பாருங்கள் என்று முந்தாநாளே ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிக் கெஞ்சியிருந்தான். ஈ காக்காய்கூடப் பதில் போடவில்லை. மிஞ்சியது ஃபெக்டரிச் சங்குதான். காலையில் புது டிரைவரைப் போட்டாயிற்று. பன்னிரண்டுக்குச் சங்கு ஊதினால் போதும், டிரைவர் பிழைத்துக்கொள்ளும்.

அது ஊதியதோ பத்தேகாலுக்கு!

மூணாம் நம்பர் மலையிலிருந்து பெண்கள் பாதிக் கொழுந்தோடு இறங்கி வந்துவிட்டார்கள். முன்னால் காளியாயி.

"என்னங்க கிளாக்கரையா, இன்னைக்கு வெள்ளனவே பசிச்சிருச்சா? கொழுந்து நிறுக்கிற கண்டாக்கையா இன்னும் தராசக்கூட கொண்டாரல!"

"சின்னக் கோளாறுக்கா. திரும்பிப் போங்க."

"அட்டைகிட்ட கடிபட்டு எறங்கி வந்திருக்கோம். திரும்ப ஏறச் சொல்றீங்களே, நல்லா இருப்பீங்க!"

எண் ஏதோ நேரங்கெட்ட நேரத்தில் நழுவியிருக்கிறது என்று விஜிதரன் முடிவுகட்டினான். டிரைவரில் ஒரு பூட்டுப் போட்டான். பன்னிரண்டு நெருங்க நெருங்க, ஆணியடித்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுப் பெட்டியின் ஞாபகமே வரவில்லை.

பன்னிரண்டு ஆனது. சத்தமில்லை. பன்னிரண்டரை. மூச்சுப்பேச்சில்லை.

"போட்ட பூட்டுல வாசலே அடைபட்டுப்போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஜன்னலில் மறுபடி காளியாயி தலை தெரிந்தது. "பசிக்காதப்ப ஊதுறீங்க, பசிக்கிறப்ப ஊத மாட்டேங்கிறீங்க. இனிமே நாங்க எங்க வயித்தையே நம்பிக்கிறோம் சாமி!"

அவள் போன கையோடு டெலிபோன் அடித்தது. தோட்டத்து மேனேஜர் தொரை.

"மிஸ்டர் விஜிதரன், என்ன கூத்து இது?"

"செக் பண்ணிக்கிட்டே இருக்கேன் சேர்."

"பண்ணுங்க. இன்னைக்குள்ள சரிவரலைன்னா அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு, வாச்சர் கையில ஒரு தகரத்தையும் கம்பையும் குடுத்துருவேன்!"

டெலிபோனை வைத்தான். பூட்டைக் கழற்றினான். ஒரு வரியைத் திருத்துவான், கதவருகே ஓடிக் காதைக் கொடுப்பான், சங்கு அலறும். ஓடிவந்து இன்னொரு வரியை மாற்றுவான், மறுபடி கதவுக்கு ஓடுவான். இன்னும் நீளமாக அலறும். மூன்று மணிக்குள் ஏழு தரம். கடைசியில் பழைய டிரைவரையே திரும்பப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினான். அதற்கும் அலறியது.

அப்படியானால் ஆறு வருடமாகவே பிழைதானா? விஜிதரன் நாற்காலியில் வந்து விழுந்தான்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேலிடத்துக்கு எழுதினான்: 'டிரைவரை நீக்கிவிடுங்கள். பிழை என்னுடையது.' கண் கலங்கி எழுத்து மங்கியது. அனுப்பப் போனான்.

டிங்!

போலந்திலிருந்து, முன்பின் தெரியாத ஒரு தச்சர்: 'உங்கள் புது டிரைவர் காலையிலிருந்து என் பட்டறையில் அறுக்கும் மெஷினை ஓட்டி நாற்காலிக் கால் அறுக்கிறது. மயிரிழைகூடப் பிசகவில்லை. மேலிடத்துக்கும் சொல்லிவிட்டேன். இந்த மெஷின் நின்றால் என் பிழைப்பே நின்றுவிடும் ஐயா. நன்றி.'

அடுத்த நிமிடமே மேலிடத்திலிருந்து: 'தகவல் கிடைத்தது. டிரைவர் இருக்கும்.'

விஜிதரனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுதியதை அழித்தான். "தப்பிச்சேன்டா சாமி!" என்று துள்ளி எழுந்தான்.

சங்கு அலறியது.

"டிரைவர்தான் தங்கமா இருக்கே! அப்புறம் ஒனக்கு என்ன கேடு?" என்று சங்கைப் பார்த்துக் கத்திக்கொண்டே வாசலுக்கு வந்தான்.

எதிரே இருந்த காவல் கொட்டகையிலிருந்து, வாச்சர் மூக்கன் மூச்சிரைக்க ஓடிவந்து கும்பிட்டார்.

"கிளாக்கரையா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு எடத்துல ஒக்காருங்க! எலி அந்தக் கம்பியக் கடிச்சுப்போட்டு ரெண்டு வருசமாச்சு, சொன்னா ஒங்க மனசு நோகுமேன்னு சொல்லல; எங்கிட்ட கடியாரம் இல்ல, நீங்க எந்திரிக்கிறத ஜன்னல் வழியாப் பாத்துப் பாத்துத்தான் நான் சங்கு சுவிச்சப் போட்டுக்கிட்டு இருக்கேன்!"