ஏழு மணி நிலநடுக்கம்

"சார், உங்க வீட்டுக் கோடு மட்டும் ஏன் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு?"

புவியியல் வாத்தியாருக்குக் குப்பென்று வியர்த்தது. நிலநடுக்கப் பாடத்துக்காகப் பள்ளியில் வாங்கிய அதிர்வுப் பெட்டிகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்பியவர் அவர்தான். வீட்டில் யார் ஓடினாலும், கதவை அறைந்தாலும் பெட்டி உணர்ந்து வகுப்புத் திரைக்கு அனுப்பிவிடும். மாலை ஏழிலிருந்து எட்டு வரை ஓடிய கோடுகளை மறுநாள் எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். மற்ற வீடுகள் எல்லாம் கும்மாளம் போட்டிருந்தன.

மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் லீவுக்கு வரப்போவதாக வகுப்பில் பெருமையடித்திருந்தார். கடைசி நேரத்தில் மகள் போன் போட்டு, "இந்த வருஷமும் முடியலப்பா" என்று சொல்லிவிட்டாள். அதைப் பசங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எல்லாரும் வெளியே போயிருந்தாங்கப்பா" என்று சமாளித்தார்.

அன்று மாலை அலமாரியிலிருந்த அகராதிகளைத் தொப்புத் தொப்பென்று தரையில் போட்டார்.

மறுநாள் பசங்க திரையை உற்றுப் பார்த்தார்கள். "ஏதோ பொருள்தான் சார் விழுந்திருக்கு. ஆள் நடமாட்டமே இல்லையே?"

பாடம் நன்றாகவே மண்டையில் ஏறியிருந்தது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

அடுத்த மாலை ஏழரைக்குக் கூடத்தில் நின்று பத்து தடவை குதித்தார்.

"பேரப்பசங்க இவ்ளோ கனமா சார்?"

அதற்கும் அடுத்த நாள், மணி ஏழு அடித்ததுமே நுனிக்காலில் குட்டிக் குட்டி எட்டு வைத்து ஓடினார். சோபாவில் ஏறிக் குதித்தார். "டேய், பார்த்துடா!" என்று ஒரு அதட்டல்கூடப் போட்டார். மூச்சு வாங்கினாலும், வீட்டில் யாரோ இருப்பது போல நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் போன் அலறியது. நிலநடுக்கம்!

மூன்று வீடுகள் ஒரே நொடியில் பலமாக அதிர்ந்தால் பெற்றோர் எல்லோருக்கும் எச்சரிக்கை போகும்படி அமைத்து வைத்திருந்ததும் அவரேதான். தெருவே வெளியே வந்து நின்றது. அவரவர் வீட்டு ஆட்களை அவரவர் எண்ணிப் பார்த்தார்கள். அவருக்கு அந்த வேலை இல்லை.

காலையில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆய்வக உதவியாளர் டேப்லெட்டோடு நின்றார். கதவோரம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி.

"யார் பார்த்த வேலை இது?"

"நான்தான் மேடம்" என்றார் வாத்தியார். "மக வரல. வீட்டுல நான் மட்டும்தான். பசங்களுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு குதிச்சேன்."

சொன்னதும் கூசியது. அந்தப் பெண் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"நானும்தான் மேடம். அம்மா வேலை முடிஞ்சு வர ஒன்பது ஆயிடும். எல்லார் வீடும் ஆடும்போது எங்க வீடு மட்டும் சும்மா இருந்தா என்னமோ மாதிரி இருக்கு."

வாத்தியார் அவளையே பார்த்தார். திரையில் அவள் வீட்டுக் கோட்டைப் பார்த்துத்தான் அவர் அதிகம் ஏங்கியிருந்தார்.

தலைமையாசிரியை அவசரமாக ஃபைலை மூடினார். "சரி சரி, விசாரணை முடிஞ்சுது. ரெண்டு பேரும் கிளாசுக்குப் போங்க."

"ரெண்டு வீடு ஆடினா எச்சரிக்கை வராதே மேடம்? மூணாவது யாரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்?"

டேப்லெட்டைத் தடவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் நிமிர்ந்தார்.

"மூணாவது பெட்டி, உங்க வீட்டுக்குன்னு நீங்களே கேட்டு வாங்கிட்டுப் போனதுதானே மேடம்?"