மீசையக்காவின் கடைசி விளம்பரம்

கண்டியில் லுங்கியை, எங்கள் பேச்சில் சாரத்தை, ஒழுங்காகக் கட்டத் தெரிந்த ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் ஒரு பெண். இதைப் படித்துக் கோபம் வருகிற ஆண்கள் முதலில் தங்கள் இடுப்பைச் சரிபார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரலாம். சாரத்தில் நிறம் மாறி ஓர் அகலப் பட்டை வருகிறதே, அது பின்பக்கம் இருக்க வேண்டும். ஊரில் பாதிப்பேருக்கு இது தெரியாது. மீசையக்கா சொல்லும்வரை எனக்கும் தெரியாது.

அவருடைய சொந்தப் பெயரை அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதாக ஞாபகமில்லை. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. தினமும் வத்தேகமவிலிருந்து பஸ் ஏறி வந்து, கண்டியில் மொத்தமாகச் சாரம் விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் சாரங்களை மடித்துப் பெட்டியில் அடுக்குவார். மேலுதட்டில் மெல்லியதாக மயிர் அரும்பியிருக்கும். மீசையக்கா என்பது அதற்காகப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் பலகாரத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனதற்கும் அந்த மீசைதான் காரணம். யாராவது மீசையக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். சிரிக்க மாட்டார்.

நான் அப்போது விளம்பரப் படம் பிடிப்பவன். அது பெரிய வார்த்தை. பெருநாளும் தீபாவளியும் வந்தால் கடைகளுக்குப் படமெடுத்து பேனர் அடித்துக் கொடுப்பேன். முதலாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என் தொழிலில் பாதி. மீதிப் பாதி, கணினியில் முகங்களைத் துடைத்துப் பளபளப்பாக்குவது.

அந்த நோன்புப் பெருநாளுக்குப் புதிய சாரம் ஒன்றை இறக்கினார்கள். படத்தில் நிற்பதற்கு கொழும்பிலிருந்து ஒரு பையன் வந்தான். உடற்பயிற்சி செய்து செதுக்கிய உடம்பு. ஆனால் பிறந்ததிலிருந்து சாரமே கட்டாதவன். மேலே பெல்ட் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான். கடை முதலாளி ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். பெல்ட் இல்லாமல் கட்டியபோது சாரம் மூன்று முறை இறங்கியது. மூன்றாவது முறை பையன் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் பையைப் பறிகொடுக்கப் பயந்தவனைப் போல நின்றான். எப்படிக் கட்டுவதென்று காட்டிக்கொடுக்க மேலேயிருந்து மீசையக்காவை அழைத்து வந்தார்கள்.

அக்கா தன் பாவாடைக்கு மேலேயே சாரத்தைச் சுற்றினார். சட்டையின் மேல் பையனின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கொண்டையைத் தலையோடு ஒட்டி முடிந்தார். காலை அகட்டி, சாரத்தின் நுனியை ஒரு கையால் பிடித்து, அந்தத் தெருவையே விலை பேச வந்தவர் மாதிரி நின்றார். நான் யாரையும் கேட்காமல் படமெடுத்துவிட்டேன். ஹாஜியார் கமராவின் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மிகவும் தயங்கி, "தங்கச்சி, மீசைய மட்டும் கொஞ்சம் கூட்டுவமா?" என்று கேட்டார்.

அக்காவோடு மேல்மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க இறங்கி வந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா நிதானமாகச் சொன்னார்:

"கூட்டுங்க மொதலாளி. இதுவரைக்கும் எல்லாரும் கொறைக்கத்தான் சொல்லியிருக்காங்க."

புருவம் தீட்டும் பென்சிலால் நான்தான் வரைந்தேன். பூனைக்கு வரைந்த மாதிரி இருக்கிறதென்று அழிக்கச் சொன்னார். இரண்டாவது முறை கண்ணாடியை வாங்கித் தானே வரைந்துகொண்டார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

மீசையோடு மறுபடி எடுத்த படம் சாரப் பெட்டிகளில் ஏறியது. கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகப் பேனரும் கட்டினார்கள். சாரம் பறந்தது. கம்பளையிலிருந்து ஒரு கல்யாணத் தரகர் கடைக்கே வந்து, படத்தில் இருக்கும் மாப்பிள்ளை எந்த ஊர், ஏற்கெனவே கல்யாணம் முடிந்துவிட்டதா என்று விசாரித்தார். அவருக்கு அக்காவே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, பெண்ணின் படிப்பு, நிறம், குணம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டார். கடைசியில், மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் கல்யாணத்தில்தான் விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

இன்னொரு நாள் வத்தேகம பஸ்ஸில் ஒருவர் பட்டை முன்பக்கம் வரச் சாரம் கட்டியிருந்தார். அக்காவால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. திருப்பிக் கட்டச் சொன்னார். பொம்பளைக்கு இதில் என்ன தெரியும் என்று அந்த ஆள் எகிறினார். அக்கா ஜன்னல் வழியாகப் பேனரைக் காட்டி, அதில் நிற்கிற அண்ணன் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பார்க்கச் சொன்னார். அவர் பேனரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டாராம். இதை அக்கா என்னிடம் சொல்லும்போது, அந்த ஆள் கட்டியிருந்தது நம் கடைச் சாரம் என்பதில்தான் அவருக்கு அதிக வருத்தம்.

இப்படியே விஷயம் வெளியே கசிந்தது. மீசையக்கா என்று தெருவில் யாராவது கூப்பிட்டால், அவர் கையை உயர்த்திப் பதில் சொல்லத் தொடங்கினார்.

சில வருடங்களில் உலகம் மாறியது. பெண்ணுக்கு ஆண் உடை, ஆணுக்குப் பெண் உடை என்று படம்போடுவது கொழும்பில் புதுப் பாணியாகிவிட்டது. ஒரு பெரிய ஆடை நிறுவனத்தார் பெண்ணைச் சாரத்தில் நிறுத்தி விளம்பரம் செய்ய விரும்பினார்கள். எங்கள் படத்தைப் பற்றி யாரோ சொல்ல, அக்காவைப் பார்க்க வந்தார்கள். நான்தான் அழைத்துப் போனேன். அக்கா அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு தயாராக இருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

நாலைந்து படம் எடுத்தார்கள். தங்களுக்குள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர்களுடைய தலைவி என்னைத் தனியே கூப்பிட்டு, இவரைப் பார்த்தால் நிஜமாகவே ஆண் மாதிரி இருக்கிறது, நமக்கு வேண்டியது விளையாட்டு, பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டென்று தெரிய வேண்டும் என்றார். மறுநாள் சாயம் பூசிய உதடும் ஒட்டுமீசையுமாக மெலிந்த ஒரு பெண் வந்து நின்றாள். அவளுக்குச் சாரம் கட்டிவிட்டவர் மீசையக்கா. நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, ஏன் வேண்டாம் என்றார்கள் என்று அக்கா கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நான் வெளையாடல தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு அவருடைய கேலியும் பகிடியும் குறைந்தன. உடம்பும் குறைந்தது. வயிற்றில் ஏதோ கட்டி, கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். கட்டிலுக்குள் அவருடைய உயரம் அடங்கவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு பகிடியாகச் சொல்ல வாயெடுத்து, முடியாமல் விட்டுவிட்டேன். அவர்தான் பேசினார். சுவரில் ஒட்டும் மரண அறிவித்தலில் அந்தப் படத்தைத்தான் போட வேண்டுமாம்.

"அடையாள அட்டைப் படத்தப் போட்டுறாதீங்க. அதுல ஏதோ திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கேன். சாரத்துல நிக்கிற படம், மீசையோட. நீங்களே செய்ங்க."

சரி என்று கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் போய்விட்டார். அவருடைய தம்பி, வத்தேகமவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர், அறிவித்தல் அடிக்க என்னிடம் வந்தார். நல்ல மனிதர். அக்காவின் ஆசையைச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் சாவுக்கு வருவார்கள், சுவரெல்லாம் மீசையோடு அத்தையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். படம் அதுவே இருக்கட்டும், மீசையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். நான் என் வழக்கப்படி தலையாட்டினேன். பென்சில் மீசையையும் அதன் அடியில் அவருக்கே சொந்தமான மயிரையும் துடைத்தெடுக்க எனக்கு நாலு நிமிடம் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை வத்தேகமவில் இறங்கினேன். சந்தைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தது. யாரோ ஒரு சாதுவான பெண்மணி. சந்தைக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள், யாரும் நிற்கவில்லை. தினமும் அவரோடு பஸ்ஸில் போய்வந்த ஒருவர் என்னிடமே, செத்தது யார் என்று விசாரித்தார். பக்கத்துக் கடையில் கறுப்பு மார்க்கர் பேனா ஒன்று வாங்கி, முதல் அறிவித்தலில் மீசையை வரைந்தேன்.

ஐம்பது வயது ஆள், பட்டப்பகலில், செத்தவரின் முகத்தில் மீசை வரைகிறான். கூட்டம் கூடாமல் இருக்குமா? மரக்கறி விற்கும் ஒரு பெண் எழுந்தே வந்துவிட்டாள்.

"செத்த பொம்பளைக்கு மீச கீறுறீங்களே, வெக்கமா இல்லையா?"

வெட்கமாகத்தான் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே அடுத்ததையும் வரைந்தேன். ஏழாவதில் பேனாவை வைத்தபோது கூட்டம் விலகியது. அக்காவின் தம்பி நின்றுகொண்டிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் அறிவித்தலுக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எடது பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும்ணே. நீங்க நேராப் போட்டுட்டீங்க."

பேனாவை வாங்கித் தானே திருத்தினார். மிச்சமிருந்த சுவரெல்லாம் இரண்டு பேருமாக நடந்து வரைந்து முடித்தோம். எத்தனையோ முகங்களைக் கணினியில் அழகாக்கிக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கையால் வரைந்தது அந்த ஒரு முகத்தைத்தான். என் தொழிலில் நான் பிரியத்தோடு செய்த வேலையும் அது ஒன்றுதான்.