பூரணம் அக்காவின் கனடா மருமகள்

பதினொரு வருசமாக மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டில் காய்ச்சல், தலையிடி என்று யாரும் டொக்டர் வாசலில் காத்துக்கிடப்பதா? இனிமேல் கிடையாது. வருசப் பிறப்பன்று இந்தத் தீர்மானத்தை எடுத்தேன். வீட்டில் நானும் மனைவி லக்சாயினியும் மட்டும்தான் என்பதால் அது ஏகமனதாக நிறைவேறியது. லக்சி அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருசம் ஒரு சின்னப் பிசகு நடந்தது உண்மை. லக்சியின் காய்ச்சலுக்கு மூன்று நாள் நானே வைத்தியம் பார்த்தேன். நாலாம் நாள் டெங்கு என்று ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். அது நுளம்பின் பிழை.

மாசி மாதம் லக்சிக்கு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. விடிய எழும்பினதும் ஓங்காளித்துச் சத்தி. கேஸ்ட்ரைடிஸ் என்று குளிசை கொடுத்தேன். பின்னேரம் ஏழு மணிக்கே கதிரையில் நித்திரை. உடம்பில் இரத்தம் காணாது, அதற்கொரு குளிசை. அடிக்கடி பாத்ரூம். அது வெக்கை. ஆசையாக வாங்கிவந்த பாரை மீனைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். அடுத்த நாள் மீன்காரனோடு சண்டை பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமே?"

"பிறகு நான் என்னத்துக்கு இருக்கிறன்?"

"அதுதான் பயம்."

"என்ன சொன்னனீர்?"

"குளிசையைத் தாங்கோ எண்டனான்."

இரண்டு நாள் கழித்துக் கவுண்டருக்குப் பூரணம் அக்கா வந்தா. லிங்கநகரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. மகனும் மருமகளும் கனடாவில். வரிசையில் நின்ற புல்மோட்டைக்காரரை இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்து குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, மருமகளுக்கு ஒண்டு வேணும். பிள்ளை நிக்குதோ எண்டு பாக்கிறது."

"நாள் தள்ளிப்போச்சோ?"

"ரெண்டு கிழமை. விடியச் சத்தி, ஒரே களைப்பு, மீன் மணம் ஏலாது."

"இதில கேக்க என்ன இருக்கு அக்கா? சின்னப் பிள்ளையே சொல்லுமே!"

"அவளின்ர மனிசன் கேஸ்ட்ரைடிஸ் எண்டு குளிசை குடுக்கிறார்."

"மடையன்!" என்றேன்.

"அவருக்குத் தான் பெரிய டொக்டர் எண்டு நினைப்பு, தம்பி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிரசங்கமே செய்தேன். "அவன் குடுக்கிற ஒண்டையும் குடிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. விடிய முதல் சலத்தில பாக்கவேணும். ரெண்டு கோடு வந்தா டொக்டரிட்டக் காட்டி, மிட்வைவ் மிஸ்ஸிட்டப் பதியவேணும். இன்னொண்டு அக்கா. ஒரு பக்கமா அடிவயித்து நோவு, இரத்தம் படுறது, தலைசுத்தி விழுறது, இதில ஒண்டு வந்தாலும் நாளைக்குப் பாப்பம் எண்டு நிக்கக்கூடாது. உடன ஆஸ்பத்திரி!"

அக்கா பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டா. அன்று பின்னேரம் லக்சிக்கும் விசயத்தைச் சொன்னேன்.

"இப்பிடியும் மனிசர் இருக்கினம், பாரும்."

"ஓம், அந்தப் பிள்ளை பாவம்" என்றாள். நான் நீட்டிய குளிசையையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மூன்று கிழமை போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்காவின் டெலிபோன் கோல் வந்தது.

"தம்பி, மருமகளுக்கு வலப்பக்கம் நோகுதாம். கொஞ்சம் இரத்தமும் பட்டிருக்கு."

"கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ அக்கா! ஓட்டோவைப் பிடியுங்கோ!"

"பிடிச்சு ஆஸ்பத்திரிக்கும் வந்தாச்சு. மனிசனை வரட்டாம்."

"மனிசன் கனடாவில எல்லோ? மருமகளும் கனடாவில..."

கனடாவில் இருப்பவளுக்குத் திருகோணமலையில் என்ன ஓட்டோ? மீன் மணம், கதிரை நித்திரை, பாத்ரூம் எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் வந்து நின்றன. தனித்தனியே கண்டுபிடித்த கெட்டிக்காரன் ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியில், ஊருக்குள் திரியும் மான் கூட்டம் ரோட்டை மறித்து நின்றது. அவற்றைப் பார்த்தும் கத்தினேன். அப்படி ஒரு பயம் எனக்கு முன்பு வந்ததில்லை.

லக்சி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தாலும் சிரித்தாள்.

"ஸ்கான் பண்ணியாச்சு. பிள்ளைக்கு இதயம் துடிக்குதாம். உடன வந்தது நல்லது, ஒரு கிழமை படுத்தே இருக்கட்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தாதி பார்க்கிறாளே என்றுகூட நினைக்கவில்லை. அழுது முடிந்த பிறகுதான் ரோசம் வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"மனிசியா வந்து கேட்டா குளிசை தருவீங்கள். வெளியாள் வந்து கேட்டா டொக்டரிட்டப் போகச் சொல்லுவீங்கள். டெங்குக்கு மனிசியா வந்து பாத்தனான். இந்தமுறை வெளியாளா வந்தனான்."

"நான் தந்த குளிசையெல்லாம்?"

"பால்மா டின்னுக்குள்ள கிடக்கு. குடிக்க வேண்டாமெண்டு பூரணம் அக்காவுக்கு ஒரு மருந்துக் கடைக்காரர் சொன்னவராம். நல்ல விசயம் தெரிஞ்ச மனிசனாம்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா கலண்டர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

லக்சி இப்போது சுகம். மாதாமாதம் கிளினிக் போகிறாள். எனக்குத்தான் போன கிழமை தலையிடி தொடங்கியது. நானே ஒரு குளிசை போட்டேன். கேட்கவில்லை. இன்னொன்று போட்டேன். நாலாம் நாள் கவுண்டருக்குப் பூரணம் அக்கா வந்தா.

"தம்பி, மருமகளின்ர மனிசனுக்கு நாலு நாளாத் தலையிடி. கண்ணும் மங்குதாம். என்ன குடுக்கலாம்?"

வரிசையில் ஆறு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டொக்டரிட்டக் காட்டச் சொல்லுங்கோ" என்றேன்.

அக்கா கைப்பையைத் திறந்து டொக்டரின் நம்பர் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினா.

"இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு, பதினேழாம் நம்பர். லக்சி நேற்றே போட்டு வைச்சிட்டாள்."